கோடு ஒரு நூல் தப்பினால்: மலிவான லேசர் லெவலும் அது தரும் தொல்லைகளும்

கட்டட வேலையில் நூல் என்பது கயிறு மட்டுமில்லை, அளவும்கூட. எட்டு நூல் ஓர் அங்குலம். ஒரு நூல் சுமார் 3 மி.மீ. சுவரில் ஒளிக்கோடு அடித்து மட்டம் காட்டும் மெஷின்தான் லேசர் லெவல். மலிவான லேசர் லெவல் பெட்டி மேல் ‘10 மீட்டருக்கு 3 மி.மீ. கூடலாம், குறையலாம்’ என்று அச்சடித்திருப்பார்கள். அதையே மேஸ்திரி பாஷையில் சொன்னால் முப்பத்து மூன்று அடிக்கு ஒரு நூல். நம்மில் எத்தனை பேர் வீட்டில் முப்பத்து மூன்று அடி ஹால் இருக்கிறது? பெட்டியில் போட்டிருப்பது உண்மையாக இருந்தால் ஒரு வீட்டு வேலைக்கு அது தாராளம். உண்மையா என்று நாமேதான் பார்த்துக்கொள்ள வேண்டும், கடைக்காரர் பார்த்துத் தர மாட்டார்.

துறையூரில் எங்கள் வீட்டு வேலை லிண்டல் (கதவு, ஜன்னலுக்கு மேல் வரும் கான்கிரீட் விட்டம்) மட்டத்தில் இருக்கும்போது பச்சை லேசர் ஒன்றை ஆன்லைனில் வாங்கினேன், நாலாயிரத்துக்குக் கொஞ்சம் குறைவு, 12 கோடு மாடல். 12 கோடு என்றதும் பன்னிரண்டு விதமான கோடு வரும் என்று நினைத்துவிடாதீர்கள், ஒரு சுற்றுக் கோட்டை நான்காக எண்ணி விற்கிறார்கள், அவ்வளவுதான். படுக்கையாக ஒரு சுற்று, செங்குத்தாக இரண்டு சுற்று, மூன்று நான்கு பன்னிரண்டு. 16 கோடு என்றால் தரையை ஒட்டிப் படுக்கையாக இன்னொரு சுற்று கூடுதல், டைல்ஸ் ஒட்டும்போது அது உண்மையிலேயே உதவும், மற்ற வேலைக்குத் தேவையில்லை. இந்த இரண்டு வகையையும் மனதில் வைத்துத்தான் கீழே சொல்லியிருக்கிறேன். உங்களுக்கு எது தொல்லையோ அந்த இடத்துக்கு நேராகப் போய்ப் படித்தாலும் சரி.

பகலில் கோடே தெரியவில்லை

இதுதான் முதல் நாள் புகார். வீட்டுக்குள் இரவில் பெட்டியைப் பிரித்து சுவரில் அடித்துப் பார்த்தபோது கத்தி மாதிரி இருந்த கோடு, மறுநாள் காலை பத்து மணிக்கு சைட்டில் காணாமல் போய்விடும். மெஷின் கெடவில்லை. இந்த வகை லேசரின் சக்தி பெரும்பாலும் ஒரு மில்லிவாட்டை ஒட்டித்தான் இருக்கும், அதையும் ஒரு புள்ளியாக விடாமல் சுற்றி முழுக்கக் கோடாக இழுத்து விரித்துவிடுகிறது, அப்புறம் சித்திரை வெயிலோடு அது எப்படிப் போட்டி போடும்?

சரி, என்ன செய்வது. கூரை போட்ட கட்டடத்துக்குள் என்றால் ஜன்னல் ஓட்டைகளில் சாக்கோ தார்ப்பாயோ தொங்கவிடுங்கள், பாதிப் பிரச்சினை தீரும். சிமென்ட் பூச்சு வெளிச்சத்தை விழுங்கும், அதனால் குறி வைக்கிற இடத்தில் ஒரு வெள்ளை அட்டையைப் பிடியுங்கள். நான் கல்யாணப் பத்திரிகை அட்டையின் பின்பக்கத்தைத்தான் பயன்படுத்தினேன். திறந்த வெளி என்றால் விடியற்காலை அல்லது சூரியன் இறங்கிய பிறகுதான். அஸ்திவாரம், பேஸ்மட்டம் வரைக்கும் லேசரை மறந்துவிட்டு டியூப் மட்டத்தையே, அதாவது தண்ணீர் நிரப்பிய குழாயையே, வைத்துக்கொள்வது நல்லது, மனை பெரியது என்றால் ஒரு நாள் ஆட்டோ லெவல் (சர்வே செய்கிறவர்களின் மட்டம் பார்க்கும் தொலைநோக்கி) வாடகைக்கு எடுத்து முடித்துவிடலாம்.

சிலர் மெஷினோடு வரும் கலர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெளியே நின்று பார்க்கிறார்கள். அது கோட்டைக் கொஞ்சம் எடுப்பாகக் காட்டும் கண்ணாடி, கண்ணைப் பாதுகாக்கும் கண்ணாடி இல்லை. அதைப் போட்டுக்கொண்டு நேராக லேசருக்குள் பார்ப்பது வினையை விலைக்கு வாங்குவது. மெஷின் மேல் ஒட்டியிருக்கும் மஞ்சள் சீட்டில் கிளாஸ் 2 என்று இருந்தால் தெரியாமல் கண்ணில் பட்டாலும் இமை மூடிக் காப்பாற்றிவிடும் என்பது கணக்கு, அதற்காக உற்றுப் பார்க்கலாம் என்று அர்த்தமில்லை. சித்தாள்களோடு குழந்தைகள் சைட்டுக்கு வருவது நம் ஊரில் சாதாரணம், அவர்கள் கண் உயரத்துக்கு மெஷினை வைக்காதீர்கள். கிளாஸ் 3ஆர் என்று போட்டிருந்தால் வெளிச்சம் கூடுதலாக இருக்கும், வீட்டு வேலைக்கு நான் வாங்க மாட்டேன்.

இன்னும் வாங்கவில்லை என்றால் பச்சைக்கே போங்கள். மனிதக் கண்ணுக்கு 555 நானோமீட்டர் அலைநீளத்தின் பக்கம் உள்ள வெளிச்சம்தான் அதிகம் உறைக்கும், பச்சை லேசர் 520ஐ ஒட்டி வருகிறது, சிவப்பு 635. ஒரே சக்தி என்றாலும் பச்சை நம் கண்ணுக்கு மூன்று மடங்கு எடுப்பாகத் தெரியும். தூரம் அதிகமான வேலை உங்களுக்கு உண்டு என்றால் ரிசீவர், அதாவது கண்ணுக்குத் தெரியாத கோட்டையும் பிடித்துக் கூவிச் சொல்லும் கருவி, போட்டு வேலை செய்யலாம், ஆனால் அதற்கு மெஷினில் பல்ஸ் மோடு (லேசர் படுவேகமாக அணைந்து எரியும் முறை) இருக்க வேண்டும், ரிசீவரும் பச்சைக்கானதாக இருக்க வேண்டும். இது இரண்டும் ஒத்துப்போகிறதா என்று பார்க்காமல் ரிசீவரைத் தனியாக வாங்கிவிட்டு, அது கூவவே இல்லை என்று புலம்புகிறவர்கள் நிறையப் பேர்.

கோடு மினுக்குகிறது, மெஷின் பீப் பீப் என்று கத்துகிறது

உள்ளே ஒரு சிறிய ஊசல் தொங்குகிறது, லேசர் விளக்குகள் எல்லாம் அதன் மேல்தான் இருக்கின்றன. மெஷின் கொஞ்சம் சாய்ந்திருந்தாலும் ஊசல் தானாக நேராகிவிடும். அந்தக் கொஞ்சம் என்பது 3 டிகிரி, சில மாடலில் 4. அதைத் தாண்டினால் ஊசல் பக்கத்தில் இடித்துவிடும், அதைத்தான் கத்திச் சொல்கிறது. ஸ்டாண்டின் கால்களைச் சரிசெய்யுங்கள், மணல் மேல் வைத்திருந்தால் கீழே ஒரு டைல்ஸ் துண்டைப் போடுங்கள், நின்றுவிடும்.

நல்ல மட்டமான டைல்ஸ் தரையில் வைத்தும் கத்தினால்? முதலில் பேட்டரியைப் பாருங்கள், சார்ஜ் இறங்கினாலும் சில மெஷின்கள் மினுக்கும். அது இல்லை என்றால் ஊசலைக் கட்டிப்போடும் லாக் பட்டனை இரண்டு முறை திறந்து மூடுங்கள், பயணத்தில் ஊசல் மாட்டிக்கொண்டிருக்கலாம். அதற்கும் மசியவில்லை என்றால் திருப்பி அனுப்புங்கள், யோசிக்கவே வேண்டாம்.

கத்தவில்லை, ஆனால் கோடு சாய்ந்திருக்கிறது

முன்னதைவிட இது ஆபத்து, ஏனென்றால் யாரும் கவனிக்க மாட்டார்கள். லாக் மூடியிருக்கும்போதே பவர் பட்டனை அழுத்தினால் பல மெஷின்களில் சாய்வு மோடில் லேசர் எரியும்; படிக்கட்டுக் கைப்பிடி மாதிரி சாய்வான வேலைக்கு வைத்த வசதி அது. அந்த மோடில் ஊசல் கட்டிப்போட்டிருக்கும், அதாவது மெஷின் எவ்வளவு சாய்ந்திருக்கிறதோ கோடும் அவ்வளவு சாய்ந்திருக்கும். சில மாடல் ஐந்து வினாடிக்கு ஒரு முறை கண் சிமிட்டி எச்சரிக்கும், சில மாடல் வாயே திறக்காது. காலையில் வேலை ஆரம்பிக்கும்போது மெஷினைக் கையில் எடுத்து வேண்டுமென்றே ஒரு பக்கம் நன்றாகச் சாயுங்கள். கத்தினால் நல்லது, ஊசல் விடுதலையாக இருக்கிறது. கத்தவில்லை என்றால் லாக்கைப் பாருங்கள்.

கோடு ஆடிக்கொண்டே இருக்கிறது

ஐந்து வினாடி பொறுங்கள், ஊசல் அடங்க அவ்வளவு நேரம் ஆகும். அதற்கு மேலும் ஆடினால் காற்று, அல்லது பக்கத்தில் ஓடும் மிக்ஸர் மெஷின், அல்லது போட்டோ எடுக்கிற மெல்லிசு ஸ்டாண்ட். ஸ்டாண்டின் நடுவில் கீழே ஒரு கொக்கி இருக்கும், அதில் அரைப் பை மணலைத் தொங்கவிடுங்கள். ஸ்டாண்ட் வாங்கும்போது திருகு அளவைப் பார்த்துக்கொள்ளுங்கள், கேமரா ஸ்டாண்டில் கால் அங்குலம், சர்வே ஸ்டாண்டில் ஐந்தெட்டு அங்குலம். பெரும்பாலான மெஷின்கள் இரண்டில் ஒன்றைத்தான் ஏற்கும்.

டியூப் மட்டத்தோடு ஒத்துவரவில்லை

இங்கே கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள், சைட்டில் சண்டை வருவது இந்த இடத்தில்தான்.

ஹாலில் லிண்டல் மட்டம் எடுத்துக்கொண்டிருந்தோம், பதினெட்டு அடி நீளம். எங்கள் மேஸ்திரி அண்ணன் இரண்டு மூலையிலும் டியூப் பிடித்துக் குறி வைத்திருந்தார். நான் மெஷினை நடுவில் வைத்துக் கோட்டை அடித்தேன், ஒரு மூலையில் அவர் குறி மேல் சரியாக விழுந்தது, எதிர் மூலையில் குறிக்கு அரை அங்குலம் கீழே ஓடியது.

“சார், உங்க மெஷின் பொய் சொல்லுது. தண்ணி பொய் சொல்லுமா?”

தண்ணீர் பொய் சொல்லாதுதான். ஆனால் அரை அங்குலம் என்பது நாலு நூல், மெஷின் தன் கணக்குப்படி அவ்வளவு தூரத்துக்கு அரை நூல்தான் தப்பலாம், எட்டு மடங்கு வித்தியாசம் என்றால் இரண்டில் ஒன்று பெரிதாகத் தப்புகிறது என்று அர்த்தம். டியூபைக் கையில் பிடித்து ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை வெளிச்சத்தில் காட்டிக்கொண்டே போனேன். கம்பிக் கட்டின் மேல் ஏறி இறங்கிய இடத்தில், சுண்டுவிரல் நகம் நீளத்துக்கு ஒரு காற்றுக் குமிழி, குழாய் அகலத்தை முழுக்க அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. பக்கத்தில் பாசி வேறு. ஏறுகிற பக்கத்தில் குமிழி உட்கார்ந்தால் அதன் நீளம் எவ்வளவோ கிட்டத்தட்ட அவ்வளவு மட்டம் தப்பும். டியூபை உதறிக் குமிழியை வெளியேற்றி மறுபடி பிடித்தார், குறி லேசர் கோட்டுக்கு வந்து சேர்ந்தது. அவர் ஒன்றும் சொல்லவில்லை, பழைய குறியை மட்டும் கட்டைவிரலால் அழித்துவிட்டார்.

குமிழி இல்லாவிட்டாலும் வெயில் விளையாடும். டியூபின் ஒரு பக்கம் நிழலிலும் மறுபக்கம் கொதிக்கிற சுவரை ஒட்டியும் தொங்கினால், சூடான பக்கத்துத் தண்ணீர் லேசாகி மேலே நிற்கும். 25 டிகிரியில் இருக்கும் ஒரு மீட்டர் உயரத் தண்ணீர் 45 டிகிரிக்குச் சூடானால் சுமார் 7 மி.மீ. ஏறும், இரண்டு நூலுக்கும் மேல். அதனால் மதியம் எடுத்த டியூப் மட்டத்தை வைத்து லேசரைக் குற்றம் சொல்வதற்கு முன்னால் டியூபை நிழலில் போட்டு, இரண்டு முனையையும் ஒன்றாகச் சேர்த்துப் பிடித்து இரண்டிலும் தண்ணீர் ஒரே உயரத்தில் நிற்கிறதா என்று பாருங்கள்.

சரி, டியூப் குற்றவாளி இல்லை என்று ஆகிவிட்டது. இப்போது மெஷினை விசாரிக்கலாம். இதற்கு ரசமட்டமெல்லாம் வேண்டாம், இரண்டடி ரசமட்டத்தை வைத்துப் பதினாறு அடிக் கோட்டைச் சரிபார்க்க முடியாது. எதிரெதிரே இரண்டு சுவர் இருந்தால் போதும், நடுவில் 5 மீட்டர் இருக்கட்டும்.

முதல் சுவரை ஒட்டி அரை அடி தூரத்தில் ஸ்டாண்டை வையுங்கள். அந்தச் சுவரில் கோடு விழும் இடத்தில் பென்சிலால் ஒரு குறி, இது முதல் குறி. மெஷினின் முகத்தை எதிர்ச் சுவருக்குத் திருப்பி, அங்கே கோடு விழும் இடத்தில் இரண்டாவது குறி. இப்போது ஸ்டாண்டைத் தூக்கிக்கொண்டு எதிர்ச் சுவருக்குப் போங்கள், அதே அரை அடி தூரம். ஸ்டாண்டை ஏற்றியோ இறக்கியோ, அடியில் டைல்ஸ் துண்டு வைத்தோ, கோடு சரியாக இரண்டாவது குறி மேல் விழும்படி செய்யுங்கள். பிறகு அதே முகத்தை முதல் சுவருக்குத் திருப்புங்கள். கோடு முதல் குறி மேலேயே விழுந்தால் மெஷின் தங்கம். மேலேயோ கீழேயோ விழுந்தால் இடைவெளியை அளந்துகொள்ளுங்கள். போகும்போது ஒரு முறை, வரும்போது ஒரு முறை என்று தப்பு இரண்டு மடங்காகக் காட்டப்படுகிறது, அதனால் 5 மீட்டர் இடைவெளியில் நீங்கள் அளந்த அந்தத் தூரம்தான் 10 மீட்டருக்கான தப்பு. 3 மி.மீ.க்குள் இருந்தால் பெட்டியில் போட்டது உண்மை. நான்கு வந்தால் வைத்துக்கொள்ளலாமா என்று யோசிக்கலாம். ஆறு, ஏழு என்றால் திருப்பி அனுப்ப வேண்டியதுதான்.

இதோடு விடாதீர்கள், மெஷின் பக்கவாட்டில் சாய்ந்திருந்தால் இந்தச் சோதனையில் தப்பித்துவிடும். ஹால் நடுவில் வைத்து ஒரு சுவரில் குறி போட்டுவிட்டு, உயரத்தைத் தொடாமல் மெஷினை மட்டும் கால் சுற்றுக் கால் சுற்றாகத் திருப்புங்கள். நான்கு பக்கமும் அதே குறி மேல் விழ வேண்டும். சுவர் 3 மீட்டரில் இருந்தால் அதிகபட்ச வித்தியாசம் 2 மி.மீ.க்குள் இருக்கலாம். இந்தத் திருப்பும் சோதனை மட்டும் போதாதா என்று கேட்பீர்கள். போதாது. உள்ளே கோட்டைச் சுற்றி விரிக்கிற கூம்புக் கண்ணாடி சரியாக உட்காராவிட்டால் கோடு எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி குடை போல இறங்கியோ, கிண்ணம் போல ஏறியோ போகும், எப்படித் திருப்பினாலும் அதே குறி மேல்தான் விழும், அதை இரண்டு சுவர் சோதனைதான் பிடிக்கும். இரண்டும் சேர்ந்து கால் மணி நேர வேலை.

பார்சல் வந்த அன்றைக்கே இதைச் செய்யுங்கள் என்று நான் கையைப் பிடித்துச் சொல்வேன். திருப்பி அனுப்பும் கெடு பல கடைகளில் ஏழு நாளோ பத்து நாளோதான், நாமோ ஆடித் தள்ளுபடியில் வாங்கி அடுத்த மாதம் டைல்ஸ் வேலை வரும்போது பிரிப்போம். விளம்பரத்தில் துல்லியம் எவ்வளவு என்றே எழுதாத மெஷினை எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் தொடாதீர்கள். கையில் காசு இருந்து, இதையே தொழிலாகச் செய்யப் போகிறீர்கள் என்றால் மீட்டருக்கு 0.2 மி.மீ. சொல்லும் பெரிய கம்பெனி வகைக்குப் போகலாம். ஒரே ஒரு வீடு கட்டுகிறவருக்கு அந்த விலை தேவையில்லை என்பது என் எண்ணம்.

கோடு தடிமனாக அல்லது இரட்டையாகத் தெரிகிறது

5 மீட்டரில் 2 முதல் 3 மி.மீ. தடிமன் சகஜம். ஒருவர் கோட்டின் மேல் விளிம்பில் குறி வைக்க, இன்னொருவர் கீழ் விளிம்பில் வைக்க, அங்கேயே ஒரு நூல் போய்விடுகிறது, பழி மெஷின் மேல். எல்லாரும் நடு, அல்லது எல்லாரும் மேல் விளிம்பு என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள்.

திடீரென்று தடித்தால் கண்ணாடியில் சிமென்ட் தூசி. சட்டை முனையால் துடைக்காதீர்கள், சிமென்ட் மணல் மாதிரி கீறிவிடும். முதலில் ஊதுங்கள், பிறகு கண்ணாடித் துணி. பக்கத்தில் மங்கலாக இன்னொரு கோடு தெரிந்தால் அது உள்கண்ணாடியின் எதிரொளி, அல்லது ஜன்னல் கண்ணாடி, பாலிஷ் டைல்ஸ் எதிலிருந்தாவது திரும்பி வந்தது. எடுப்பான கோட்டை மட்டும் நம்புங்கள்.

செங்குத்துக் கோடு சரியில்லை, மூலை 90 வரவில்லை

தூக்குக்குண்டைக் கொண்டுவாருங்கள். கதவு நிலைக்கு மேலே ஆணியில் மாட்டி, குண்டை ஒரு வாளித் தண்ணீருக்குள் தொங்கவிடுங்கள், ஆட்டம் சட்டென்று அடங்கும். இப்போது செங்குத்துக் கோட்டை அந்த நூல் மேல் விழ வையுங்கள். மெஷின் சரி என்றால் மேலிருந்து கீழ் வரை நூல் முழுவதும் பச்சையாக எரியும், இருட்டில் பார்க்க அழகாகவே இருக்கும். பாதி எரிந்து பாதி அணைந்திருந்தால் கோடு சாய்வு. மேஸ்திரிக்கு மெஷின் மேல் நம்பிக்கை வரவேண்டும் என்றால் இதைக் காட்டுங்கள், டியூபைக் குறை சொல்வதைவிட இது மரியாதையான வழி.

இரண்டு செங்குத்துக் கோடும் ஒன்றுக்கொன்று 90 டிகிரிதானா என்பதற்குப் பழைய மூன்று, நான்கு, ஐந்து கணக்குத்தான். தரையில் ஒரு கோட்டில் 6 அடி, மற்றதில் 8 அடி, குறுக்கே 10 அடி வர வேண்டும். அறை பெரிதாக இருந்தால் 9, 12, 15. பலரும் விட்டுவிடும் விஷயம், மூலை வரவில்லை என்று சொல்லும்போது பெரும்பாலும் சுவர்தான் வரவில்லை. பூச்சுக்கு முன்னாலேயே கோட்டை அடித்துப் பார்த்து, பூச்சுத் தடிமனில் சரிசெய்யச் சொல்லுங்கள். மாடுலர் கிச்சன் பெட்டி வந்து இறங்கிய பிறகு சுவர் முக்கால் அங்குலம் தள்ளியிருக்கிறது என்று தெரிந்தால் ஒன்றும் செய்ய முடியாது.

லேசர் வைத்துத்தான் ஒட்டினோம், பாத்ரூமில் தண்ணீர் நிற்கிறது

அதனால்தான் நிற்கிறது! லேசர் காட்டுவது மட்டம், பாத்ரூமுக்கு வேண்டியது வாட்டம், அதாவது சரிவு. கோட்டைத் தரைமட்டமாகவே எடுத்துக்கொண்டு டைல்ஸ் பதித்தால் தண்ணீருக்கு எந்தப் பக்கம் போவது என்றே தெரியாது. கோட்டைச் சுவரில் சுமார் மூன்றடி உயரத்தில் அடித்துவிட்டு, அதிலிருந்து கீழே டேப்பில் அளந்து இறங்குங்கள். தண்ணீர் போகும் ஜாலியிலிருந்து தூரமான மூலையில் கோட்டிலிருந்து டைல்ஸ் மேல்மட்டம் வரை 90 செ.மீ. என்று வைத்துக்கொண்டால், ஜாலி 2 மீட்டர் தள்ளி இருக்கிறது, மீட்டருக்கு 1 செ.மீ. வாட்டம் என்றால் ஜாலி ஓரத்தில் அது 92 செ.மீ. ஆக வேண்டும். நடுவில் 91. இந்த மூன்று எண்ணையும் சுவரில் கரியால் எழுதிவிட்டுப் போங்கள், டைல்ஸ்காரர் நீங்கள் இல்லாத நேரத்தில் கண்ணளவில் போடாமல் இருப்பார். சாய்வு மோடில் போட்டு வாட்டம் எடுக்கலாமே என்றால், சுற்றுக் கோடு ஒரு பக்கம் இறங்கும்போது மறுபக்கம் ஏறும், குறுக்கே வேறு கோணம் வரும், ஒரு ஜாலியை நோக்கி நான்கு பக்கத்திலிருந்தும் இறக்க அது உதவாது.

மொட்டை மாடித் தளத்துக்கும் இதே முறை, வெயில் இறங்கிய பிறகு.

ஹால் தரைக்கு மட்டும் ஒரு வார்த்தை. டைல்ஸ் ஆரம்பிக்கும் முன் அதே கோட்டிலிருந்து தரை வரை பத்துப் பன்னிரண்டு இடத்தில் அளந்து பாருங்கள். எங்கே அளவு மிகக் குறைவோ அதுதான் தரையின் மேடு, கலவைக் கனத்தை அங்கிருந்து முடிவு செய்ய வேண்டும். நிலைக்கதவு அடியையும் சேர்த்து அளந்துவிடுங்கள், டைல்ஸ் போட்ட பிறகு கதவை இழைக்கிற கூத்து நிறைய வீட்டில் பார்த்திருக்கிறேன்.

இரண்டு மணி நேரத்தில் சார்ஜ் போய்விடுகிறது

எல்லாக் கோட்டையும் எரியவிட்டால் போகத்தான் செய்யும். படுக்கைக் கோடு மட்டும் தேவை என்றால் மற்ற இரண்டையும் அணையுங்கள், நேரம் கிட்டத்தட்ட இரண்டு மடங்காகும். பச்சை சிவப்பைவிட அதிகமாகக் குடிக்கும், அதுவும் தெரிந்ததுதான். பேட்டரி மேல் பெரிய பெரிய எண் போட்டிருப்பதை நம்ப வேண்டாம். இவற்றில் இருக்கும் 18650 என்ற வகை லித்தியம் செல், நல்ல கம்பெனியுடையது என்றாலும், ஒன்றுக்குப் பெரும்பாலும் 3,500 எம்ஏஎச்சை (சார்ஜ் எவ்வளவு பிடிக்கும் என்ற அளவு) தாண்டாது, உள்ளே இரண்டு செல் வைத்துக்கொண்டு பத்தாயிரம் என்று எழுதுகிறார்கள். எண்ணை விட்டுவிட்டு, இரண்டு பேட்டரி பெட்டியிலேயே வருகிறதா, சார்ஜ் போட்டுக்கொண்டே வேலை செய்யலாமா, சார்ஜர் முனை போன் சார்ஜர் மாதிரி யூஎஸ்பி சி தானா என்று பாருங்கள். தனி முனை உள்ள சார்ஜர் தொலைந்தால் தேடிக் கிடைக்காது. பென்சில் செல் போடும் மாடல் என்றால் மூலைக்கடையிலும் கிடைக்கும், ஆனால் அதில் ரீசார்ஜ் செல் போட்டால் ஒன்றரை வோல்ட்டுக்குப் பதிலாக 1.2 தான் வரும், சில மெஷின்கள் அதையே சார்ஜ் இல்லை என்று நினைத்து முன்கூட்டியே அணைந்துவிடும்.

கோடு மங்கி மங்கி வந்தால் சூடும் ஒரு காரணம். பல மெஷின்களின் தாளில் 40 டிகிரி வரைதான் என்று எழுதியிருக்கும், மே மாதம் மொட்டை மாடியில் கறுப்புப் பெட்டிக்குள் அது எப்போதோ தாண்டிவிடும். நிழலில் அரை மணி நேரம் வையுங்கள், பழையபடி ஆகிவிடும்.

ரிமோட் வேலை செய்யாவிட்டால் கவலையே படாதீர்கள், பட்டனை எழுந்து போய் அழுத்தலாம்.

கீழே விழுந்துவிட்டது

விழுந்ததும் கோடு எரிகிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு வேலையைத் தொடர்கிறார்கள். எரியும். பார்க்க நன்றாகவே எரியும். தூக்கிக்கொண்டு போகும்போது லாக் போட்டிருந்தால் ஊசல் ஓரளவு தப்பிக்கும், திறந்திருக்கும்போது விழுந்தால் அது உள்ளே இடித்து எங்கேயோ ஒரு மயிரிழை நகர்ந்துவிடும். விழுந்த உடனே இரண்டு சுவர் சோதனை, திருப்பும் சோதனை, தூக்குக்குண்டு மூன்றையும் செய்யுங்கள், அதற்கு முன் ஒரு குறிகூட வைக்காதீர்கள்.

மூடியைக் கழற்றினால் ஊசலின் அடியில் சிறிய திருகுகள் தெரியும், அதைத் திருகி நிமிர்த்தலாம் என்று வீடியோக்கள் உண்டு. கெடு முடியாத மெஷினில் கை வைக்காதீர்கள், திருப்பி எடுக்க மாட்டார்கள். கெடு முடிந்தது என்றால் உங்கள் விருப்பம், ஆனால் கால் சுற்றுக்கும் குறைவாகத் திருகி, ஒவ்வொரு முறையும் சுவருக்குப் போய் அளந்து, மறுபடி வந்து திருகி என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் போகும்.

என்னுடையது ஃபால்ஸ் சீலிங் வேலையின்போது சாரத்திலிருந்து விழுந்தது, லாக் திறந்தபடி. சோதித்தால் 5 மீட்டர் சுவரில் 8 மி.மீ., அதாவது இரண்டரை நூல். தூக்குக்குண்டு நூல் மட்டும் இன்னமும் முழுவதும் எரிந்தது. அதிலிருந்து செங்குத்து வேலைக்கு மெஷின், மட்டத்துக்கு மேஸ்திரி அண்ணனின் டியூப், குமிழி இருக்கிறதா என்று இரண்டு பேரும் பார்த்த பிறகு.